தேர்வாய் அமைதி

வெறும் வயிற்றோடு கேட்கிற கதை இல்லை இது, கண்ணுகளா. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருங்கள். அவசரம் ஒன்றும் இல்லை.

கவரைப்பேட்டைப் பக்கம் அப்பாவு என்று ஒருவர். இரண்டு ஏக்கர் நெல்வயல். மனைவி சின்னப்பொண்ணு. ஒரே பிள்ளை வெங்கடேசன், இருபத்து நான்கு வயது. தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில், கார்களுக்கு ரப்பர் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள்.

அந்தக் கம்பெனியில் எத்தனையோ சட்டம் உண்டு. அதில் தலையானது தூங்கக் கூடாது என்பது. கண் அசந்தால் ஒரு மெமோ. மூன்று மெமோ சேர்ந்தால் கேட்டுக்கு வெளியே. ஆள் வராத நாளில் இரண்டு ஷிப்டையும் ஒருவனே பார்ப்பான், அப்போதும் அதே சட்டம்தான். அதனால் சேர்ந்த முதல் வாரத்திலேயே பிள்ளைகள் ஒரு பாடம் படித்துவிடுவார்கள். தூங்கினாயா என்று யார் கேட்டாலும், எங்கே கேட்டாலும், "இல்ல சார்" என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் கொட்டாவி விடும்போது அம்மா கேட்டால்கூட வெங்கடேசன் வாயில் அதுதான் வரும். "இல்ல சார்" என்பான். சின்னப்பொண்ணு சிரித்துக்கொண்டே தலையில் தட்டுவாள்.

அந்தச் சமயத்தில் உலகத்தில் பதினோரு நாடுகள் ஒன்று சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தன. மனித மூளையில் எந்த மூலை எந்த மூலையோடு பேசுகிறது, எந்த நரம்பு எந்த நரம்போடு உறவு என்று முழுதாகப் படம் எடுத்துவிடுவது. அதற்குப் பன்னாட்டு மூளை இணைப்பு வரைபடக் கூட்டமைப்பு என்று பெயர். அதன் இந்தியக் கிளை திருவள்ளூருக்கு வெளியே, ஊத்துக்கோட்டை ரோட்டில், நாலு மாடிக் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. உள்ளே ஒரு பெரிய காந்தக் குகை. ஆளைப் படுக்க வைத்துக் குகைக்குள் தள்ளுவார்கள். தலைக்கு மேல் ஒரு சின்னக் கண்ணாடி, அதில் ஒரு கூட்டல் குறி தெரியும். கண்ணைத் திறந்து அதையே பார்த்துக்கொண்டு, அசையாமல், ஒன்றையும் நினைக்காமல் பத்து நிமிடம் இருக்க வேண்டும். மூளை ஓய்வாக இருக்கும்போது என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம்.

ஓய்வாக இருக்கிற மனிதர்கள் வேண்டும் என்று அவர்கள் தேர்வாய் கண்டிகைக் கம்பெனியிடம் கேட்டார்கள். கம்பெனியும் பன்னிரண்டு பேரை அனுப்பச் சம்மதித்தது. லீவு கிடையாது, ஷிப்ட் முடிந்து போகலாம் என்றது.

வெங்கடேசன் போன நாளில் அவனுக்கு இரண்டு ஷிப்ட் சேர்ந்து முடிந்திருந்தது. பதினாறு மணி நேரம் நின்றுவிட்டு, காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு நேராகத் திருவள்ளூருக்குப் போனான். குகைக்குள் படுத்தான். எழுந்து வந்ததும் நாற்பது கேள்வி உள்ள ஒரு தாளைக் கொடுத்தார்கள். முப்பத்தேழாவது கேள்வி: படம் எடுக்கும்போது தூங்கினீர்களா? அவன் 'இல்லை' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டான். ஒரு எலுமிச்சை சாதப் பொட்டலமும் சான்றிதழும் கொடுத்தார்கள். ஒன்பதரைக்குப் பைக்கை எடுத்தான். பெரியபாளையம் தாண்டி ஆரணி ரோட்டில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. அதன் பின்பக்கத்தில் போய் மோதினான். அவ்வளவுதான் கண்ணுகளா.

போலீஸ் தாளில், "அஜாக்கிரதையாக வாகனம் ஓட்டியதால்" என்று எழுதினார்கள். முந்தின நாள் ஒரே ஷிப்ட்தான், எட்டு மணி நேரம் ஓய்வு எடுத்துவிட்டுத்தான் போனார் என்று கம்பெனி கடிதம் கொடுத்தது. கேட் பதிவேட்டிலும் அப்படித்தான் இருந்தது.

அப்பாவுவுக்கு அந்த ஒரு சொல்தான் நெஞ்சில் முள்ளாக நின்றது. அஜாக்கிரதை. வண்டியை எடுப்பதற்கு முன் சைடு ஸ்டாண்டை மூன்று தடவை காலால் தடவிப் பார்க்கிற பிள்ளை அவன். பக்கத்துத் தெருக் கடைக்குப் போனால்கூட ஹெல்மெட் போட்டுக்கொண்டு போவான், பையன்கள் கிண்டல் செய்வார்கள். அவனைப் போய் அஜாக்கிரதை என்று அரசாங்கத் தாளில் எழுதிவைத்தால்? அப்பாவு அன்றிலிருந்து தூங்கவில்லை. பாயில் படுப்பார். கண் மூடாது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பின் தெரியாத ஒருவன் வந்தான். பெயர் லோகு. சாப்பிடாமல் ஓரமாக நின்றவன், எல்லோரும் போனபிறகு அப்பாவு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நைனா, நான் அந்த மூளைப்படம் எடுக்கற எடத்துல மிசின் ஓட்றவன். அன்னிக்கி டூட்டி எனக்குத்தான்."

அப்பாவு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளையைக் கடைசியாகத் தொட்ட கை.

"உள்ள ஒரு மைக் இருக்கும் நைனா. ரெண்டாவது நிமிசத்துல இருந்து கொறட்டை. மிசின் போடற சத்தத்துல கூட நல்லா கேட்டுச்சி. தூங்குனா எழுப்பணும்னுதான் ரூலு. பட்டனாண்ட கை போச்சி. அவன் மூஞ்சப் பாத்தேன். எழுப்ப மனசு வரல. பத்து நிமிசம்தானேன்னு உட்டுட்டேன்."

"அத்த எழுதிக் குடுப்பியாப்பா? தூக்கம் இல்லாம வந்தான், படுத்த ஒடனே தூங்கிட்டான்னு. அத்த வச்சிக்கினு ஸ்டேசன்ல கேப்பேன். அந்த வார்த்தய எடுத்துடுங்கன்னு."

லோகு தலையைக் குனிந்துகொண்டான். "நானும் காண்ட்ராக்ட்டு நைனா. ரூல மீறிட்டேன்னு என்னியத் தூக்கிடுவாங்க. ரெண்டு பொட்டப் புள்ளைங்க. ஆனா படம் இருக்குது. தூங்குற மூளைய அந்தப் படத்துல பாத்தாலே தெரியும். அவங்களாண்ட கேளு."

அப்பாவு லோகுவின் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு திருவள்ளூருக்குப் பஸ் ஏறினார்.

கண்ணாடிக் கட்டடத்தில் ஸ்ரீப்ரியா என்ற பெண் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவள் பங்கேற்பாளர் நல்லுறவு அலுவலர். நல்ல பெண், பாவம்.

"சார், எங்ககிட்ட யாரோட பேரும் இருக்காது. நம்பர் மட்டும்தான். படத்துல முகம்கூட இருக்காது. அடையாளம் தெரியக் கூடாதுன்னு முகத்தை அழிச்சுட்டுத்தான் மத்த நாடுகளுக்கு அனுப்புவோம்."

"அந்த வேலய லாரியே பண்ணிட்ச்சிம்மா" என்றார் அப்பாவு.

அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைப் பார்த்தபடியே சொன்னாள். "ஒரு பங்கேற்பாளரோட விவரம் வேணும்னா, அவரே ஆதார் கார்டோட நேர்ல வந்து கேட்கணும் சார்."

"அவன் செத்துட்டாம்மா."

"அதுக்குத் தனி ஃபாரம் இருக்கு சார். 'தொடர்பு கிடைக்காத பங்கேற்பாளர்'னு. அதுலயும் கடைசில அவர் கையெழுத்து கேக்குது…" என்றவள் நிறுத்திக்கொண்டாள். "நான் மேல எழுதறேன் சார்."

எழுதத்தான் செய்தாள். இந்தியக் கிளையின் நெறிமுறைக் குழு, பதினோரு நாட்டின் பொது நெறிமுறைக் குழுவிடம் கேட்டது. அது தரவுப் பகிர்வுக் குழுவிடம் கேட்டது. தரவுப் பகிர்வுக் குழு, இந்தியக் கிளையின் நெறிமுறைக் குழு என்ன சொல்கிறது என்று கேட்டது. நடவு முடிந்தது, களையெடுப்பு முடிந்தது, கதிர் பால் பிடித்தது. மூன்று மாதம்.

ஒரு நாள் காலை வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. இயக்குநர் டாக்டர் அன்புசெல்வன் அழைத்துவரச் சொன்னாராம். பேர் தெரியாது, முகம் தெரியாது என்றவர்களுக்கு வீடு மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது.

"பேப்பர் ரெடியாயிடுச்சி போலக்குது" என்றார் அப்பாவு. சின்னப்பொண்ணு கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டாள்.

அங்கே போனால் பந்தல், ஷாமியானா, மைக் செட். மேடையில் கம்பெனியின் மனிதவள மேலாளரும் உட்கார்ந்திருந்தார். நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு படம். சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக நூல் நூலாக ஒரு மூளை. அடியில் பெரிய எழுத்தில் 'தேர்வாய் அமைதி'.

டாக்டர் அன்புசெல்வன் பேசினார். "நண்பர்களே, பதினோரு நாட்டிலிருந்து ஒன்பதாயிரம் மூளைகளைப் பார்த்தோம். எல்லாம் அலை பாய்கிற மூளை. பத்து நிமிடம் சும்மா இருக்கத் தெரியாத மூளை. ஆனால் நானூற்றுப் பன்னிரண்டாம் எண்! தொழிற்சாலை இரைச்சலில் நின்றுவிட்டு வந்த ஒரு தமிழ்த் தொழிலாளி! ஒரு மில்லிமீட்டர் அசையவில்லை. இதுவரை உலகம் பார்க்காத ஒரு அமைதி வலைப்பின்னல். இது எங்கிருந்து வந்தது? மூவாயிரம் ஆண்டு மரபிலிருந்து வந்தது. ஆய்வுக் கட்டுரை வெளியாகிவிட்டது. இருநூற்றுப் பதினோரு ஆசிரியர்கள். அதில் ஒருவர்கூட நானூற்றுப் பன்னிரண்டை நேரில் பார்த்ததில்லை. அவ்வளவு நேர்மையான ஆய்வு இது!"

கைதட்டல். அடுத்து மனிதவள மேலாளர் எழுந்தார். "எங்கள் ஊழியர்கள் களைப்பாக இருப்பதாகச் சிலர் புரளி கிளப்புகிறார்கள். அறிவியலே பதில் சொல்லிவிட்டது. இந்தப் படத்தை எங்கள் கேட்டில் மாட்டப்போகிறோம், ஷிப்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் பார்க்கும்படி."

அப்பாவுவுக்குச் சால்வை போர்த்தி, அதே படத்தைக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா. எம் புள்ள தூங்கிக்கினு இருந்தான். ரெண்டு ஷிப்ட் பாத்துட்டு வந்தான். அசதில தூங்கிட்டான். அத்த மட்டும் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. வேற எதுவும் வேணாம்."

வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு மொழிபெயர்க்கிறவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, தந்தை இதை யோக நித்திரை என்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மேடையை விட்டு இறங்கியதும் அப்பாவு டாக்டர் அன்புசெல்வனை மறித்துக்கொண்டு நின்றார். டாக்டர் அவர் தோளில் கை போட்டுப் பேசினார். கோபக்காரர் இல்லை அவர்.

"பெரியவரே, உங்க பையனே தூங்கலைன்னு கையெழுத்துப் போட்டிருக்கார். முப்பத்தேழாவது கேள்வி. அவர் பொய் சொன்னார்னு சொல்றீங்களா?"

"அது பொய் இல்ல சார். பயம். தூங்குனேன்னா மெமோ. கேக்கறது கம்பெனியா டாக்டரான்னு அவனுக்குத் தெரியாது சார். கோட்டு போட்டவங்க யாரு கேட்டாலும் 'இல்ல சார்'தான்."

"பாருங்க, மூளைல எது எதோட பேசுதுன்னு எங்களுக்குத் தெரியும். அவர் எத்தனை ஷிப்ட் பார்த்தார்ங்கற கம்பெனி கேட் ரெஜிஸ்டர் எங்களோட பேசாது. அது எங்க எல்லைக்குள்ள வராது." கடிகாரத்தைப் பார்த்தார். "ஆனாலும் நாங்க மனுஷங்கதானே. பன்னாட்டுக் குழுவைக் கூட்டறேன். உங்க தரப்பை நீங்களே சொல்லுங்க."

குழு கூடியது. ஒரு பகல் இரண்டரை மணிக்கு அப்பாவுவைப் பெரிய திரைக்கு எதிரே உட்கார வைத்தார்கள். திரையில் பதினோரு கட்டங்கள், பதினோரு முகங்கள். ஸ்ரீப்ரியா பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள். அப்பாவு சைடு ஸ்டாண்டிலிருந்து ஆரம்பித்து ஆரணி ரோடு வரைக்கும் சொன்னார். குறட்டை வாய் வரைக்கும் வந்தது. லோகுவின் முகம் நினைவுக்கு வரவே முழுங்கிக்கொண்டார்.

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கீழ் வரிசையில் ஒரு கனடாப் பேராசிரியரின் தலை மெல்லச் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்தது. கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது. அங்கே அப்போது ராத்திரி இரண்டு மணி என்று ஸ்ரீப்ரியா காதோடு சொன்னாள்.

தலைமை வகித்த அம்மாள் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஐயோ, பாவம். நேற்று முழுக்க அவருக்கு வேலை. யாரும் எழுப்பாதீர்கள்." பதினோரு நாட்டில் பாக்கி பத்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டன. ஒருவர் ஒலியையே அடைத்துவிட்டார். எல்லோர் முகத்திலும் தொட்டில் பக்கத்தில் நிற்கிறவர்களின் கனிவு.

அப்பாவு அந்தத் தூங்குகிற முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நரைத்த தாடி. அவருக்கும் ஒரு அப்பன் இருந்திருப்பான். பேச்சை நிறுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் சொல்லணுமா சார்?" என்றாள் ஸ்ரீப்ரியா.

"வாணாம்மா. அவுரு தூங்கட்டும்."

குழு மெல்லிய குரலிலேயே இரண்டு தீர்மானம் போட்டது. முதலாவது, முப்பத்தேழாவது கேள்வியால் வீண் குழப்பம் வருவதால் அந்தக் கேள்வியை எல்லா நாட்டிலும் எடுத்துவிடுவது. இரண்டாவது, இந்த அமைதி பரம்பரையானதா என்று பார்க்கத் தகப்பனாரையும் படம் எடுப்பது. விழித்திருக்கிற தகப்பனார் மூளையில் அது இல்லையென்றால், மகன் தூங்கியிருக்கலாம் என்று எழுதிக் கொடுப்பது.

அப்பாவு இரண்டாவது தீர்மானத்தை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். "அப்போ நான் முழிச்சிக்கினு படுத்துக் கெடந்தா போதும். அவ்ளோதானே?"

"அவ்ளோதான் சார்."

நாலு மாதமாகத் தூக்கம் வராத மனிதருக்கு இது ஒரு பெரிய வேலையா? அன்று ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

குறித்த நாளில் சின்னப்பொண்ணு ஒரு பச்சை மிளகாயை வேட்டி முடிச்சில் கட்டி அனுப்பினாள். கண் சொருகினால் கடித்துக்கொள்ளட்டும் என்று. அங்கே போனதும் வேட்டியை வாங்கிக்கொண்டு நீல உடுப்பைக் கொடுத்தார்கள். மிளகாய் வேட்டியோடு போயிற்று. தாயத்துக் கோத்த அரைஞாண் கயிறும் போயிற்று. மிஷின் அறையில் லோகு நின்றான், கண் சிவந்து. அவனுக்கும் அன்று இரண்டாவது டூட்டி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் அன்புசெல்வனும் வேறு நாலு பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவன் படுத்தது இதுதானா?" என்று கேட்டார் அப்பாவு, வாய் அசையாமல்.

"இதான் நைனா." லோகு அவர் தலைக்கு இரண்டு பக்கமும் பஞ்சு வைத்து இறுக்கினான். காதை அடைத்தான். போர்வையை விரித்துக் கழுத்து வரைக்கும் போர்த்தினான். "முழிச்சிக்கோ நைனா. பத்து நிமிசம்தான். அந்தக் கூட்டல் குறியவே பாரு."

பலகை உள்ளே போனது. கூட்டல் குறி தெரிந்தது. அப்பாவு அதைக் கண் கொட்டாமல் பார்த்தார். கடகடவென்று சத்தம் ஆரம்பித்தது, அறுவடை மிஷின் வயலில் இறங்கினாற்போல. அறுவடைக் காலத்தில் வெங்கடேசன் லீவு கிடைக்காமல், ஷிப்ட் முடிந்து நேராக வயலுக்கு வருவான். வந்து வரப்பில் சாய்ந்தால், இந்தச் சத்தத்தில்தான் தூங்குவான். தூங்குடா என்று அப்பாவு துண்டால் ஈ விரட்டிக்கொண்டு நிற்பார். இதே பலகை. இதே பஞ்சு. பிள்ளையின் தலை இருந்த பள்ளத்தில் அவர் தலை இருந்தது. முதுகுக்குக் கீழே அவன் சூடு இன்னும் இருப்பதுபோல் இருந்தது. பக்கத்தில் படுத்தாற்போலவே இருந்தது. முழிச்சிக்கோ, முழிச்சிக்கோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கூட்டல் குறி இரண்டாயிற்று.

பலகை வெளியே வந்தபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் அன்புசெல்வன் ஓடிவந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். "அதே வலைப்பின்னல்! அச்சு அசல்! தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே அமைதி! பெரியவரே, நீங்க நிரூபிச்சுட்டீங்க!"

"நான் தூங்கிட்டேன் சார்" என்றார் அப்பாவு.

"எவ்வளவு அடக்கம் பாருங்க!" என்றார் டாக்டர்.

ஸ்ரீப்ரியா கேள்வித்தாளைக் கொண்டுவந்தாள். அப்பாவு எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே விரலை இறக்கினார். முப்பத்தாறு. முப்பத்தேழில் எலுமிச்சை சாதம் பிடித்திருந்ததா என்று இருந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"நான் தூங்குனத எங்க எழுதறதும்மா?"

அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அந்தக் கேள்வி இப்போ இல்ல சார்."

வேட்டியை மாற்றிக்கொண்டு வெளியே வரும்போது, மாடிப்படிக்குக் கீழே லோகு நின்றுகொண்டிருந்தான்.

"அவனத்தான் எழுப்பாம உட்டேன். ஒன்னிய எழுப்பியிருக்கணும் நைனா. என் காதுல மாட்டியிருந்த ஹெட்போன்ல கொறட்டை கேட்டுச்சி. பட்டன் மேலயே வெரல வச்சிக்கினு இருந்தேன்." சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அப்பாவு அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார். "ஊட்டுக்குப் போயி செத்த நேரம் படு, லோகு. கண்ணு எப்பிடி செவந்துக்கீது பாரு. வண்டில போவாத. பஸ்ல போ."

வீட்டில் சின்னப்பொண்ணு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர் வெறுங்கையோடு வருவதைத் தெருமுனையிலேயே பார்த்துவிட்டாள். செம்பில் தண்ணீர் கொடுத்து, அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் பொறுத்தாள்.

"இன்னாய்யா ஆச்சி?"

"தூங்கிட்டேன்."

அவள் திட்டுவாள் என்று அவர் நினைத்தார். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மாதமாக அவர் புரண்டு படுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் கிடந்தவள்.

"நெசமா தூங்குனியா?"

"ம்."

"எவ்ளோ நேரம்?"

"பத்து நிமிசம் இருக்கும்."

"அவன் படுத்த எடத்துலயா?"

"அதே எடம்தான்."

சின்னப்பொண்ணு அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "தலைக்கு இன்னா வச்சாங்க?"

"ரெண்டு பக்கமும் பஞ்சு. மெத்து மெத்துன்னு."

"ஏசி போட்ருப்பாங்களே. போத்துனாங்களா?"

"லோகு போத்துனான். கழுத்து வரிக்கும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவரிடம் சொல்வதுபோலும் இல்லாமல், தனக்குச் சொல்வதுபோலும் இல்லாமல் சொன்னாள்.

"அப்போ புள்ள பத்து நிமிசம் நல்லாத்தான் தூங்கிருக்கான்."